இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டார்கள்: கொலராடோ ஆற்றின் நூறு ஆண்டுகள்

அமெரிக்காவின் தென்மேற்கில் தண்ணீரை ஏக்கர் அடியில் அளப்பார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. காவிரிச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு டி.எம்.சி. கணக்குதான் உடனே பிடிபடும் என்பதால், இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் டி.எம்.சி.க்கு மாற்றியே சொல்கிறேன்.

1922 நவம்பர் 24 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகரில் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ராக்கி மலைகளின் பனியில் பிறந்து, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓடி, மெக்சிகோவில் கலிஃபோர்னியா வளைகுடாவில் அன்று கலந்துகொண்டிருந்த கொலராடோ ஆற்றைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 714 டி.எம்.சி. வரும் என்ற மதிப்பீடு அவர்கள் முன் இருந்தது. அதை நம்பி தலைமடை மாநிலங்களுக்கு 327, கடைமடை மாநிலங்களுக்கு 327 என்று எழுதினார்கள். கடைமடைக்கு இன்னும் 44 வரை கூட்டிக்கொள்ளவும் இடம் விட்டார்கள். 1944இல் மெக்சிகோவுக்கு 65 டி.எம்.சி. தருவதாக அமெரிக்கா தனியே உடன்படிக்கை செய்துகொண்டது. எல்லாவற்றையும் கூட்டினால் 760ஐத் தாண்டும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்த ஆற்றின் இயல்பான வரத்து சராசரியாக 540 டி.எம்.சி. அளவில்தான் இருக்கிறது.

இந்தப் பள்ளத்துக்கு வறட்சியைக் காரணம் சொல்வது வழக்கம். வறட்சி உண்மைதான், பருவநிலை மாற்றமும் உண்மைதான். ஆனால் பற்றாக்குறை அதற்கு வெகு முன்பே, கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, ஒப்பந்தத்துக்குள் இருந்தது. போதாது என்று எச்சரித்தவர்களும் அன்றே இருந்தார்கள். கொலராடோவின் வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். தெரியாமல் நடந்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை.

எச்சரித்தவர்களில் முதலாமவர் நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். 1869 மே மாதம் பத்துப் பேர், நான்கு படகுகளோடு வயோமிங்கின் கிரீன் ஆற்றிலிருந்து புறப்பட்டு, அதுவரை வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி, ஆகஸ்ட் இறுதியில் கிராண்ட் கேன்யனின் மறுமுனையில் வெளியே வந்தார். அப்போது அவரோடு சேர்த்து ஆறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். இன்னும் மூன்று பேர் கடைசிக் கட்டத்தில் படகை விட்டுக் கரையேறிப் போய்க் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பயணம் பவலுக்குப் புகழைத் தந்தது. ஆனால் அவருடைய உண்மையான பங்களிப்பு 1878இல் அரசுக்குக் கொடுத்த வறண்ட நிலங்கள் பற்றிய அறிக்கை. ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் நிலத்தில் பாசனம் இல்லாமல் பயிர் செய்ய முடியாது, மேற்கில் பெரும்பகுதி அப்படிப்பட்ட நிலம் என்றார் அவர். அன்றைய குடியேற்றச் சட்டம் ஆளுக்கு 160 ஏக்கர் கொடுத்துக்கொண்டிருந்தது. மழை பெய்யும் கிழக்குப் பகுதியில் ஒரு குடும்பம் பிழைக்க அது போதும். வறண்ட மேற்கில் பாசனத்தோடு அவ்வளவு நிலத்தை ஒரு குடும்பம் உழுது முடிக்காது. மேய்ச்சலுக்கோ அது எந்த மூலைக்கும் காணாது, 2,560 ஏக்கராவது வேண்டும் என்று கணக்குப் போட்டார். நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டாமல் ஓடைகளையும் வடிநிலங்களையும் ஒட்டிப் பிரித்து, அங்குள்ள மக்களே கூடித் தண்ணீரை நிர்வகிக்கட்டும் என்றும் சொன்னார். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், காதில் வாங்கவில்லை.

1893இல் லாஸ் ஏஞ்சலஸில் பாசன மாநாடு ஒன்று கூடியது. மேற்கு முழுவதையும் பசுமையாக்கலாம் என்ற உற்சாகத்தில் எல்லோரும் இருந்தார்கள். பவல் எழுந்து, இவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்சத் தண்ணீர் கிடையாது, நீங்கள் வருங்காலத்துக்குச் சண்டையையும் வழக்கையும்தான் சொத்தாகச் சேர்த்துவைக்கிறீர்கள் என்றார். கூட்டம் கூச்சலிட்டது. அடுத்த ஆண்டு அவர் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

மேற்கு மாநிலங்களின் தண்ணீர்ச் சட்டத்தையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஆற்றங்கரையில் நிலம் இருப்பவனுக்கே தண்ணீர் என்பது கிழக்குப் பகுதியின் மரபு. கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டப் போனவர்கள் அதை மாற்றினார்கள். முதலில் வந்து தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியவனுக்கே முதல் உரிமை. பின்னால் வந்தவனுக்கு மிச்சம் இருந்தால் உண்டு. தட்டுப்பாடு வந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதில்லை. கடைசியாக வந்தவனின் வாய்க்கால் முழுதாக அடைபடும், முதலில் வந்தவனுக்குச் சொட்டும் குறையாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. உரிமையைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அது போய்விடும். சிக்கனமாக இருப்பவன் இழப்பான் என்று பயமுறுத்தும் சட்டத்தின் கீழ் எந்த விவசாயி தண்ணீரை மிச்சம் பிடிப்பார்? ஆற்றிலேயே ஓடவிடும் தண்ணீர் நெடுங்காலம் ஒரு பயன்பாடாகவே கருதப்படவில்லை.

இந்தச் சட்டம்தான் 1922 ஒப்பந்தத்துக்கு அவசரம் கொடுத்தது. கலிஃபோர்னியா வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதன் தென்கோடியில், கடல்மட்டத்துக்கும் கீழே கிடந்த பாலைநிலத்துக்கு இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று பெயர் சூட்டி, 1901இல் கொலராடோ தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார்கள். 1905இல் ஆறு அந்த வாய்க்காலின் தலைப்பை உடைத்துக்கொண்டு முழுதாக உள்ளே பாய்ந்தது. அடைத்து முடிக்க 1907 ஆயிற்று. அப்படித் தேங்கிய தண்ணீர்தான் இன்றைய சால்டன் கடல். வெள்ளத்தைத் தடுக்கவும் தண்ணீரைத் தேக்கவும் பெரிய அணை வேண்டும் என்று கலிஃபோர்னியா கேட்டது. மேலே இருக்கும் கொலராடோ, யூட்டா, வயோமிங், நியூ மெக்சிகோ மாநிலங்களுக்கு அதைக் கேட்டே பயம் வந்தது. அணை கட்டி கலிஃபோர்னியா முதலில் எடுத்துக்கொண்டால் முதல் உரிமையும் அதற்கே போய்விடும். 1922 ஜூனில் உச்ச நீதிமன்றம், முதலில் வந்தவருக்கு முதல் உரிமை என்ற விதி மாநிலங்களுக்கு இடையிலும் செல்லும் என்று தீர்ப்பளித்ததும் அந்தப் பயம் இரட்டிப்பானது.

வழக்கு போடுவதைவிடப் பேசித் தீர்ப்பது மேல் என்று யோசனை சொன்னவர் கொலராடோ மாநில வழக்கறிஞர் டெல்ஃப் கார்ப்பென்டர். பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கியவர் அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர். மாநிலத்துக்கு மாநிலம் பங்கு பிரிக்கப் பார்த்து முடியாமல் போக, ஆற்றையே இரண்டாக வெட்டினார்கள். அரிசோனாவின் வட எல்லையருகே லீ ஃபெரி என்ற இடத்துக்கு மேலே உள்ளது தலைமடை, கீழே உள்ளது கடைமடை. பத்து ஆண்டுக்கு ஒரு கணக்காக, லீ ஃபெரியைக் கடந்து போகும் தண்ணீர் 3,267 டி.எம்.சி.க்குக் குறையத் தலைமடை மாநிலங்கள் காரணமாக இருக்கக் கூடாது என்றும் ஒரு பிரிவு சேர்ந்தது.

இப்போது அந்த 714க்கு வருவோம். அது சீரமைப்புத் துறை, அதாவது அணைகளும் பாசனமும் கட்டும் மத்திய அரசுத் துறை, கொடுத்த கணக்கு. இருபது ஆண்டுச் சொச்ச அளவீடுகளை வைத்துப் போட்டது. அப்போது அந்தத் துறையின் இயக்குநராக இருந்தவர் ஆர்தர் பவல் டேவிஸ், ஜான் வெஸ்லி பவலின் சகோதரி மகன். அணை கட்டுவதே அந்தத் துறையின் வேலை என்பதால், ஆற்றில் நிறைய தண்ணீர் இருப்பதாகத் தெரிவது அதற்கு வசதி. ஆனால் அரசின் இன்னொரு துறையான புவியியல் ஆய்வுத் துறையில் இ.சி. லாரூ என்ற நீரியலாளர் இருந்தார். பாசனத்துக்கு உகந்த நிலம் முழுவதற்கும் இந்த ஆறு போதாது என்று 1916லேயே அச்சில் சொல்லியிருந்தார். பழைய காலத்தில் நீண்ட வறட்சிகள் இருந்ததற்கான தடயங்களையும் தேடிப்போனார். பேச்சுவார்த்தை மேசையில் அவர் கணக்குக்கு இடமில்லை. 1928இல் காங்கிரஸே அமைத்த பொறியியல் குழு ஒன்றும் வரத்து இவ்வளவு இருக்காது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அணைக்கான சட்டம் நிறைவேறியது. பெரிய எண் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதை வைத்து ஏழு பேருக்கும் வயிறு நிறையப் பரிமாறலாம். சின்ன எண்ணை ஏற்றுக்கொண்டால் யாராவது ஒருவர் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும்.

அளவீடு செய்த அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பது 1976இல் தெளிவானது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் மர வளைய ஆய்வகம் பழைய மரங்களின் வளையங்களைக் கொண்டு பல நூற்றாண்டு வரத்தைக் கணித்தது. மழையுள்ள ஆண்டில் வளையம் தடித்திருக்கும், வறண்ட ஆண்டில் மெலிந்திருக்கும். அவர்களுக்குக் கிடைத்த நீண்டகாலச் சராசரி 588 டி.எம்.சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் பல நூறு ஆண்டுகளில் காணாத ஈரமான காலம் என்றும் தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் சராசரியைச் சற்றே உயர்த்தின. ஆனாலும் 714 பக்கத்தில் எந்த ஆய்வும் போகவில்லை.

அணைகள் எழுந்தன. 726 அடி உயர ஹூவர் அணையை 1935 செப்டம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார். அதன் பின்னால் மீட் ஏரி தேங்கியது. கடைமடைப் பங்கில் கலிஃபோர்னியாவுக்கு 192, அரிசோனாவுக்கு 122, நெவாடாவுக்கு 13 டி.எம்.சி. என்று ஒதுக்கினார்கள். நெவாடாவில் அப்போது ஆளே இல்லை என்பதால் அந்த 13 தாராளமாகத் தெரிந்தது. இந்த ஒதுக்கீட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. ஏரியிலிருந்து ஆவியாகிப் போவதையும் வழியில் கசிவதையும் எந்த மாநிலத்தின் கணக்கிலும் எழுதவில்லை. ஆண்டுக்கு 50 டி.எம்.சி.க்கு மேல் அப்படிப் போகிறது. வறட்சியே இல்லாத ஆண்டிலும் மீட் ஏரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இது ஒன்றே போதும்.

இயற்கைப் பாதுகாப்பு இயக்கம் இந்தக் கதைக்குள் வரும் இடம் 1950கள். தலைமடை மாநிலங்களும் தங்கள் பங்கைத் தேக்க அணை கேட்டன. அவற்றில் ஒன்று, டைனோசர் தேசியச் சின்னம் என்று பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் எக்கோ பார்க் என்ற இடத்தில் வருவதாக இருந்தது. சியரா கிளப் அமைப்பும் அதன் செயல் இயக்குநர் டேவிட் பிரவரும் நாடு முழுவதும் எதிர்ப்பைத் திரட்டினார்கள். சீரமைப்புத் துறை போட்ட ஆவியாதல் கணக்கிலேயே பிழை இருப்பதை பிரவர் காங்கிரஸ் குழுவின் முன் எடுத்துக்காட்டினார். கடைசியில் எக்கோ பார்க் கைவிடப்பட்டது. பதிலுக்கு க்ளென் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் வரவிருந்த அணையை எதிர்க்காமல் விட்டார்கள். 1956இல் சட்டம் வந்தது.

க்ளென் கேன்யன் எப்படிப்பட்ட இடம் என்று அதை விட்டுக்கொடுத்தவர்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. அது தேசியப் பூங்காவாக இல்லை, அதனால் பாதுகாப்பும் இல்லை. சிவந்த மணற்பாறைச் சுவர்கள், பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான குறுகிய கிளைப் பள்ளத்தாக்குகள், பாறை விளிம்புகளில் பண்டை மக்களின் குடியிருப்புகள். பாலைவனப் பேராலயம் என்று பெயர் பெற்ற ஒரு குடைவில், மேலே பாறைகள் ஒன்றையொன்று தொடுவதுபோல வளைந்து நிற்க, நடுவே மெல்லிய அருவி ஒன்று விழும். அதைப் போய்ப் பார்த்த பிறகு பிரவர் உடைந்துபோனார். அணை விஷயத்தில் போராடாமல் விட்டதைத் தன் வாழ்நாள் முழுதும் தன் தோல்வியாகவே சொல்லிவந்தார். 1963 மார்ச் மாதம் அணையின் மதகுகள் மூடப்பட்டன. அந்தப் பள்ளத்தாக்குக்கு க்ளென் என்று பெயர் வைத்ததே ஜான் வெஸ்லி பவல்தான். அதை மூழ்கடித்த நீர்த்தேக்கத்துக்கு பவல் ஏரி என்றே பெயரிட்டார்கள்.

அடுத்து கிராண்ட் கேன்யனிலேயே இரண்டு அணைகள் திட்டமிடப்பட்டன. இம்முறை சியரா கிளப் விடவில்லை. 1966இல் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து மக்களைத் திரட்டியது. அதற்காக வரிச் சலுகையையும் இழந்தது. ஆனாலும் 1968 சட்டத்தில் அந்த அணைகள் இடம்பெறவில்லை. அமெரிக்கச் சூழலியல் வரலாற்றில் பெரிய வெற்றியாக இதைக் கொண்டாடுவார்கள், கொண்டாடத் தகுந்ததுதான். ஆனால் அதே சட்டம், கொலராடோ தண்ணீரை ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் 540 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோகும் மத்திய அரிசோனா திட்டத்துக்கு அனுமதி தந்தது. வழியில் தண்ணீரை 2,900 அடி அளவுக்கு மேலே ஏற்ற வேண்டும். அதற்கு மின்சாரம்? அணை கைவிட்டுப்போனதால் பேஜ் என்ற ஊருக்கு அருகே, பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் வந்தது. நிலக்கரி வந்தது பிளாக் மேசாவிலிருந்து, அது நவஹோ, ஹோப்பி மக்களின் நிலம். மின்நிலையத்தின் புகை, காப்பாற்றப்பட்ட கிராண்ட் கேன்யன் மீதே மூட்டமாகப் போய் நின்றது. 2019 நவம்பரில்தான் அந்த நிலையம் நின்றது.

அதே பிளாக் மேசாவின் இன்னொரு சுரங்கத்திலிருந்து வெட்டிய நிலக்கரியைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே 270 மைல் தள்ளி நெவாடாவில் இருந்த ஒரு மின்நிலையத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்ணீரை நிலத்தடியிலிருந்து எடுத்தார்கள், ஆண்டுக்கு நூறு கோடி காலனுக்கு மேல். ஹோப்பி மக்கள் வழிபடும் ஊற்றுகள் வற்றுவதாக அவர்கள் எத்தனையோ முறை சொன்னார்கள். 2005 முடியும்வரை அது ஓடியது. ஓரிடத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்லும்போது அதன் விலை எந்த ஊரில் வசூலிக்கப்பட்டது என்றும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

பூர்வகுடிகளை 1922இல் யாரும் அழைக்கவில்லை. அவர்களில் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை என்பதே 1924இல்தான் வந்தது. ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். பூர்வகுடிகளுக்கு அமெரிக்க அரசு பட்டிருக்கும் கடமைகளை இந்த ஒப்பந்தம் பாதிக்காது என்கிறது அது. ஆனால் 1908லேயே உச்ச நீதிமன்றம், மொன்டானாவில் மில்க் ஆறு தொடர்பான வழக்கில், பூர்வகுடிகள் வாழ ரிசர்வேஷன் என்று நிலம் ஒதுக்கியபோதே அங்கு வாழத் தேவையான தண்ணீரும் ஒதுக்கப்பட்டதாகவே பொருள் என்று தீர்ப்பளித்திருந்தது. ரிசர்வேஷன் ஏற்பட்ட தேதியே அவர்களின் முன்னுரிமைத் தேதி. முதலில் வந்தவருக்கு முதல் உரிமை என்றால் அவர்களுக்கு முன்னால் நிற்க யார் இருக்கிறார்கள்? கொலராடோ படுகையில் 30 பூர்வகுடி அரசுகள் இருக்கின்றன. இதுவரை உறுதியான அவர்களின் உரிமைகளே ஆற்றில் ஏறத்தாழ கால்பங்கு. தாளில் இருப்பது குழாயில் வருவதில்லை. நவஹோ நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீத வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. டிரக்கில் பீப்பாய் ஏற்றிப் போய்ப் பிடித்துவருகிறார்கள். தங்கள் தண்ணீர்த் தேவையைக் கணக்கிட்டுத் திட்டம் போட மத்திய அரசைக் கட்டாயப்படுத்துமாறு நவஹோ அரசு தொடுத்த வழக்கை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தள்ளியது.

மெக்சிகோவும் அந்த அறையில் இல்லை. கையெழுத்தான அதே 1922இல், பின்னாளில் அமெரிக்க இயற்கைச் சிந்தனையின் முக்கியக் குரலான ஆல்டோ லியோபோல்ட் தன் சகோதரனோடு, அந்நாட்டில் உள்ள கொலராடோ கழிமுகத்தில் படகில் திரிந்தார். பச்சை நீர்நிலைகள், பறவைக் கூட்டங்கள், பெரிய பூனை இனத்தைச் சேர்ந்த ஜாகுவாரின் நடமாட்டம் என்று அவர் கண்ட உலகம் அரை நூற்றாண்டுக்குள் உப்பும் வெடித்த மண்ணுமாகிவிட்டது. 1960களுக்குப் பிறகு, அபூர்வமான வெள்ள ஆண்டுகள் தவிர, ஆறு கடலைத் தொடுவதில்லை. 1961இல் அரிசோனாவின் வயல்களிலிருந்து வடிந்த உப்புநீரைச் சேர்த்து அனுப்பியதில் மெக்சிக்காலி விவசாயிகளின் பயிர் கருகியது. தண்ணீரின் தரத்துக்கும் பொறுப்பேற்க அமெரிக்கா 1973 வரை எடுத்துக்கொண்டது.

2014 மார்ச்சில், இரு நாடுகளும் பேசி வைத்தபடி, எல்லையில் உள்ள மொரேலோஸ் அணையிலிருந்து நாலரை டி.எம்.சி. அளவு தண்ணீரை எட்டு வாரத்துக்கு ஆற்றுக்காகவே திறந்துவிட்டார்கள். சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்ற ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது, ஆனால் பாலத்துக்கு அடியில் மணல்தான். தண்ணீரின் முன்முனை மணலை நனைத்துக்கொண்டு மெதுவாக வந்தபோது ஊரே இறங்கி வந்தது. பெரியவர்கள் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். ஆற்றைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். வாரக்கணக்கில் அது திருவிழா. மே மாதத்தில் தண்ணீர் கடலைத் தொட்டது. அதில் முளைத்த வில்லோ கன்றுகளும் காட்டன்வுட் மரக் கன்றுகளும் சில இடங்களில் இன்றும் பராமரிக்கப்படுகின்றன.

சரி, இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? நான்கு கோடிப் பேர் இந்த ஆற்றைக் குடிக்கிறார்கள், ஆனால் பெரும்பகுதி குடிக்கப் போவதில்லை. மனிதர் எடுக்கும் தண்ணீரில் ஏறக்குறைய முக்கால்வாசி விவசாயத்துக்கு. மொத்தத்தில் பாதியை நெருங்கும் அளவு மாட்டுத் தீவனத்துக்கு, முக்கியமாகக் குதிரைமசாலுக்கு. இம்பீரியல் பள்ளத்தாக்கில் வெயிலும் நீளமான பருவமும் இருப்பதால் குதிரைமசாலை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப அறுக்கலாம். அந்த ஒரு பாசன மாவட்டத்தின் உரிமை மட்டும் 135 டி.எம்.சி., நெவாடா மாநிலம் முழுவதன் பங்கைப் போலப் பத்து மடங்கு. குளிர்காலத்தில் அமெரிக்கா சாப்பிடும் லெட்யூஸ் போன்ற கீரைகளில் பெரும்பகுதியும் இம்பீரியலிலும் பக்கத்து யூமாவிலும் விளைகிறது. ஆகவே விவசாயிகளைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சட்டம் கொடுத்ததைச் சட்டம் சொன்னபடி பயன்படுத்துகிறார்கள். இம்பீரியலில் தண்ணீரை மிச்சம் பிடித்தால் வயலிலிருந்து வடிவது குறைகிறது. அந்த வடிகால் நீரை நம்பியிருந்த சால்டன் கடல் சுருங்குகிறது. வெளிப்பட்ட தரையின் புழுதி, மூச்சிரைப்பு நோயால் ஏற்கெனவே அவதிப்படும் ஊர்களின் மேல் பறக்கிறது.

நகரங்களால் குறைக்க முடியும் என்பதற்கு லாஸ் வேகாஸ் சாட்சி. வீட்டுக்குள் பயன்படுத்தும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதையும் சுத்திகரித்து மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பிய அளவுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. வெளியே தெளிக்கும் தண்ணீர் திரும்பாது என்பதால், புல்தரையைப் பெயர்ப்பவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். 2021இல் அழகுக்கு மட்டும் இருக்கும் புல்லைத் தடை செய்து சட்டமே போட்டார்கள். மக்கள்தொகை லட்சக்கணக்கில் ஏறியபோதும் ஆற்றிலிருந்து எடுப்பது குறைந்தது. மிகச் சிறிய பங்கு கிடைத்த மாநிலம்தான் சிக்கனத்தை முதலில் கற்றது.

2000இல் மீட் ஏரி ஏறக்குறைய நிறைந்திருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. வெப்பம் கூடியதால் பனி சீக்கிரம் உருகுகிறது, காய்ந்த மண் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது, மீதிதான் ஆற்றுக்கு வருகிறது. 2000 முதல் 2014 வரையான வரத்துக் குறைவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு வெப்ப உயர்வே காரணம் என்று 2017இல் வந்த ஆய்வு காட்டியது. 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அரிசோனா 22 டி.எம்.சி. இழந்தது. 1968இல் வாய்க்காலுக்குக் கலிஃபோர்னியாவின் ஆதரவைப் பெறுவதற்காக, தட்டுப்பாட்டில் கலிஃபோர்னியாவுக்குப் பிறகே எங்களுக்கு என்று அரிசோனா ஒப்புக்கொண்டிருந்தது. பினல் மாவட்டத்தில் வயல்கள் தரிசாகின. 2022 ஜூலையில் மீட் ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,040 அடிக்கு இறங்கியது. 1930களில் நிரம்பத் தொடங்கியபிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. பாறைச் சுவரில் பழைய நீர்மட்டம் வரை வெள்ளை உப்புப்பட்டை படிந்து நின்றது. பவல் ஏரியும் இறங்கியதால் பாலைவனப் பேராலயம் மறுபடி வெளியே வந்தது. கிளைப் பள்ளத்தாக்குகளில் காட்டன்வுட் மரமும் வில்லோவும் தாமாகவே முளைத்தன.

2023இல் நல்ல பனி பெய்து மூச்சுவிட இடம் கொடுத்தது. கடைமடை மாநிலங்கள் 2026 முடிவதற்குள் 130 டி.எம்.சி. சேமிப்பதாகவும், அதில் பெரும்பகுதிக்கு மத்திய அரசு 120 கோடி டாலர் கொடுப்பதாகவும் உடன்பாடு வந்தது. தட்டுப்பாட்டைக் கையாளும் 2007ஆம் ஆண்டு விதிகளும் அதே 2026 இறுதியில் காலாவதியாகின்றன. அடுத்த விதிகளுக்கான சண்டை முழுக்க அந்தப் பழைய பிரிவின் மேல்தான். பத்தாண்டுக்கு 3,267 வர வேண்டும், குறைந்தால் தலைமடைதான் பொறுப்பு என்கிறது கடைமடை. நாங்கள் எங்கள் பங்கில் சுமார் 200 டி.எம்.சி.க்கு மேல் எடுத்ததே இல்லை, வானம் குறைத்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்கிறது தலைமடை. இரண்டு பக்கமும் சட்டப்படி வாதம் வலுவானது. ஆனால் இரண்டுமே 1922இன் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகின்றன. வரத்து எவ்வளவோ அதில் இத்தனை சதவீதம் என்று பிரிப்பது ஒன்றே நிலைக்கும் வழி என்று நான் நினைக்கிறேன். அது எல்லோருக்கும் வலிக்கும் என்பதால்தான் ஒருவரும் முதலில் ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

இந்தப் பேச்சில் இன்று தவிர்க்க முடியாத ஒரு தரப்பு, ஃபீனிக்ஸுக்குத் தெற்கே இருக்கும் கிலா ரிவர் பூர்வகுடி சமூகம். கொலராடோவின் துணையாறான கிலாவில் வாய்க்கால் வெட்டி நூற்றாண்டுகளாகப் பயிர் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலே வந்த குடியேறிகள் ஆற்றைத் திருப்பிக்கொண்டதும் வாய்க்கால் வறண்டு பட்டினி கிடந்தார்கள். பல பத்தாண்டு வழக்குகளுக்குப் பிறகு 2004இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 28 டி.எம்.சி.க்கு மேல் அவர்களுக்கு உறுதி செய்தது. மத்திய அரிசோனா வாய்க்காலில் இன்று மிகப்பெரிய பங்குதாரர்கள் அவர்களே. 2023இல் ஆண்டுக்கு ஐந்து டி.எம்.சி.யை மீட் ஏரியிலேயே விட்டுவைக்க மூன்றாண்டுக்கு ஒப்புக்கொண்டு, அதற்குரிய பணத்தை மத்திய அரசிடம் பெற்றார்கள். தங்கள் பாசன வாய்க்காலின் மேல் சூரியத் தகடுகளையும் பரப்பியிருக்கிறார்கள், மின்சாரமும் கிடைக்கும், தண்ணீர் ஆவியாவதும் குறையும். தங்கள் பங்கின் ஒரு பகுதியை அக்கம்பக்கத்து நகரங்களுக்குக் குத்தகைக்கும் விடுகிறார்கள். அரிசோனா மாநிலம் இனி எந்தப் பங்கீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதானாலும், அதற்கு முன்பு அவர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.